பனிக்காலக் காட்டு வேலைக்கு மெரினோ உள்சட்டை: போட்டு உழைத்துப் பார்த்தபின் எழுதுவது

பனிக்காலத்தில் காட்டைப் பராமரிக்கும் குழு ஒன்றில் சேரப் போகிறீர்கள், கையில் இருக்கும் பணத்துக்கு ஒரே ஒரு நல்ல பொருள்தான் வாங்க முடியும் என்றால், பெரிய ஜாக்கெட் பக்கம் போகாதீர்கள். உடம்பை ஒட்டிக் கிடக்கிற மெரினோ கம்பளி (மெரினோ என்கிற ஆட்டினத்தின் மெல்லிய கம்பளி) உள்சட்டை வாங்குங்கள். முழுக்கை, கழுத்தில் பாதி ஜிப், சதுர மீட்டருக்கு 200 கிராம் கனம். ஜாக்கெட்டை யாரிடமாவது இரவல் வாங்கிக்கொள்ளலாம், பழசு போதும், கிழிந்த இடத்தில் டேப் ஒட்டினாலும் வேலை நடக்கும். உள்சட்டையில் மட்டும் சமாளிப்பு செல்லாது. எந்தக் கம்பெனி என்று நான் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் பல கம்பெனிகளின் சட்டைகளைப் போட்டு உழைத்ததில் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்தது துணியின் கனத்திலும் தையலிலும்தான், பெயரில் இல்லை.

புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் குளிரைப் பற்றியே கேட்கிறார்கள். எத்தனை டிகிரி இருக்கும், கை விறைத்துப் போகுமா, எத்தனை அடுக்கு போடணும். வேர்வையைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் இந்த வேலையில் பகலில் பாதி நேரம் நீங்கள் கொதிக்கிற உடம்போடும் மீதி நேரம் அந்த வேர்வை ஆறுகிற உடம்போடும்தான் இருப்பீர்கள். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். அதனால் நனைந்த சட்டையோடு பத்து நிமிடம் சும்மா நின்றால் காலையில் இருந்ததைவிட மோசமான குளிர் வரும், அதுவும் முதுகிலிருந்து ஆரம்பிக்கும். ஆகவே நல்ல உள்சட்டை என்றால் எனக்கு ஒரே அளவுகோல்தான்: நனைந்த பிறகு எப்படி நடந்துகொள்கிறது?

காலையிலிருந்தே சொல்கிறேன். வெளிச்சம் சரியாக வருவதற்கு முன்பே கருவிக் கொட்டகையில் கூடிவிடுவோம். கைரம்பம், நீளக் கைப்பிடி போட்ட கவாத்துக் கத்திரி, செயின்சா என்கிற சங்கிலி ரம்ப இயந்திரம், எண்ணெய், எரிபொருள், முதலுதவிப் பெட்டி எல்லாம் எண்ணிப் பார்த்து எடுக்க வேண்டும். மழுங்கிய சங்கிலியை முந்தின நாள் சாயங்காலமே அரம் போட்டுத் தீட்டி வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் உறைந்த மரத்தை அறுப்பது ஈர மரத்தை அறுப்பது மாதிரி இருக்காது, கல் மாதிரி எதிர்க்கும். அப்புறம் வட்டமாக நின்று கை, தோள், இடுப்பு எல்லாம் உதறி இளக்கிக்கொண்டு, இன்றைக்கு எந்தப் பகுதி, யாருக்கு எந்த வேலை, யாருக்காவது அடிபட்டால் எந்த வழியாக வெளியே தூக்கி வருவது என்று பேசி முடிப்போம். கடைசியாகக் குழுத் தலைவர் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "மேல இருக்கிறதைக் கழற்றிப் பையில வையுங்க, கொஞ்சம் குளிரோடவே கிளம்புங்க."

புதியவர்கள் இதை நம்பவே மாட்டார்கள். எல்லோரும் நடுங்கிக்கொண்டு நிற்கிற நேரத்தில் ஜாக்கெட்டைக் கழற்று என்றால் யாருக்குத்தான் மனசு வரும்? ஆனால் தோளில் கருவி, முதுகில் பை, காலடியில் பனி என்று மேட்டில் ஏற ஆரம்பித்துச் சில நிமிடங்களிலேயே யார் கழற்றினார்கள், யார் கழற்றவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். உள்சட்டை மேலே மெல்லிய காற்றுத் தடுப்புச் சட்டை ஒன்றோடு மட்டும் நடக்கும்போது மெரினோவின் முதல் குணம் தெரியும். கழுத்து ஜிப்பை இறக்கினால் சூடு வெளியே போகிறது, ஏற்றினால் நிற்கிறது. நடந்துகொண்டே, பையை இறக்காமல், ஒரு கையால் செய்கிற வேலை இது. ஜிப் இல்லாத வட்டக் கழுத்துச் சட்டையை இந்த ஒரு காரணத்துக்காகவே நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எதற்காகப் பனிக்காலத்தில் போய்க் காட்டில் வேலை என்று வெளியே இருப்பவர்கள் கேட்பதுண்டு. வேலைக்கு ஏற்ற காலமே அதுதான். தரை உறைந்திருப்பதால் ஆள் நடமாட்டமும் வண்டியும் மண்ணை மிதித்துக் குழப்புவதில்லை. நாங்கள் காப்பாற்ற நினைக்கிற சின்னச் சின்னப் பூச்செடிகள் எல்லாம் மண்ணுக்கடியில் உறங்குகின்றன. பறவைக் கூடுகளில் முட்டையோ குஞ்சோ இருக்காது. இலை உதிர்ந்துவிட்டதால் அறுக்கிற மரம் எந்தப் பக்கம் சாயும், அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்பது தூரத்திலிருந்தே தெரியும். ஓரிடத்தின் சொந்தச் செடிகளை நெருக்கித் தள்ளிவிட்டுப் பரவுகிற அயல் புதர்களை வெட்டுவதற்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. பக்தார்ன் என்று ஒரு புதர், ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்காவுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே காடு காடாகப் பிடித்துக்கொண்டது. இலையே இல்லாத நாளிலும் பட்டையைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் உள்ளே ஆரஞ்சு நிறம் தெரியும், ஆளைக் கண்டுபிடித்துவிடலாம்.

இப்போது உள்சட்டைக்கு வருகிறேன், இதுதான் முக்கியமான இடம். குழுவில் எல்லோரும் ஒரே வேலை செய்வதில்லை. ஒருவர் அறுக்கிறார், இரண்டு மூன்று பேர் அறுத்து விழுந்ததை இழுத்துக் குவிக்கிறார்கள், ஒருவர் பின்னாலேயே போய் வெட்டிய அடித்தூர் மறுபடி துளிர்க்காமல் இருக்க அதில் களைக்கொல்லி மருந்து தடவுகிறார். இழுக்கிறவருக்குச் சட்டை பிழிகிற மாதிரி வேர்க்கும், கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வராமல் அடம் பிடிக்கும், மொத்த உடம்பையும் போட்டு இழுக்க வேண்டும். மருந்து தடவுகிறவர் ஒவ்வொரு தூராக மண்டியிட்டு, பட்டைக்கு உள்பக்கத்து வளையத்தில் மட்டும் கவனமாகப் பூசிக்கொண்டு, மெதுவாக நகர்கிறார். அவருக்கு உடம்பில் சூடே ஏறாது. பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இந்த இரண்டு பேருக்கும் வேறு வேறு பருவம் நடக்கிறது என்றே சொல்லலாம். இதில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுவார்கள். இழுத்துக்கொண்டிருந்தவர், முதுகு நனைந்த அதே நிலையில், மருந்து டப்பாவை வாங்கிக்கொண்டு மண்டியிடுகிறார்.

அந்த மாற்றத்தில்தான் துணியின் தரம் தெரியும். பருத்தி பனியன் என்றால் ஈரத்தைக் குடித்துவிட்டு உடம்போடு அப்பிக்கொள்ளும், நூலுக்கு நடுவே இருந்த காற்றெல்லாம் போய் சூடு தங்க இடமில்லாமல் ஆகிவிடும். கம்பளி தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை ஈரத்தை நூலிழைக்கு உள்ளேயே வாங்கி வைத்துக்கொள்ளும், மேலே தொட்டால் நனைந்த உணர்வு அவ்வளவாக இருக்காது. அதோடு ஈரத்தை வாங்கும்போது கம்பளி கொஞ்சம் சூட்டையும் வெளிவிடுகிறது. இது விளம்பரப் பேச்சு இல்லை, கம்பளி நூலின் இயல்பே அப்படி. மண்டியிட்டு உட்கார்ந்த முதல் பத்து நிமிடங்களில் பளீரென்று வருகிற அந்தக் குளிர் மெரினோவில் வராது, மெதுவாகத்தான் வரும், அதற்குள் மேலே ஒரு ஃப்ளீஸ் (மெத்தென்ற சூட்டுச் சட்டை) போட்டுக்கொள்ள உங்களுக்கு நேரம் கிடைக்கும். நான் இந்தச் சட்டைக்குக் கொடுக்கிற மதிப்பில் பாதிக்கு மேல் இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

(மருந்தில் எங்கே தடவினோம் என்று அடையாளம் தெரிய நீலச் சாயம் கலப்பார்கள். அது கைமடிப்பில் பட்டால் எத்தனை துவைத்தாலும் போகாது. வெளிர் நிறத்தில் வாங்காதீர்கள்.)

மதியச் சாப்பாட்டு நேரம் இன்னொரு பரீட்சை. எல்லோரும் ஒரே நேரத்தில் வேலையை நிறுத்துகிறோம், எல்லோர் உடம்பிலும் ஈரம் இருக்கிறது, சூரியன் இருந்தாலும் அது பெயருக்குத்தான். அனுபவம் உள்ளவர்கள் வேலை நின்ற உடனே, குளிர் தெரிவதற்கு முன்பே, பையிலிருந்து பெரிய ஜாக்கெட்டை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே போட்டுக்கொண்டு, பனியில் நேராக உட்காராமல் ஒரு ஃபோம் பாய்த் துண்டைப் போட்டு அதன்மேல் உட்காருவார்கள். உடம்புச் சூட்டிலேயே உள்சட்டை கொஞ்சம் கொஞ்சமாகக் காயும். முழுசாகக் காய்ந்துவிடும் என்று சொல்ல மாட்டேன், அது உண்மையில்லை, ஆனால் மறுபடி எழுந்து ரம்பத்தைப் பிடிக்கும்போது முதுகு ஒட்டாமல் இருக்கும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள், ஐஸ் மேல்பக்கம்தான் முதலில் கட்டும், தலைகீழாக வைத்தால் மூடிப் பக்கம் அடைக்காது. தாகம் தெரியாவிட்டாலும் குடித்தாக வேண்டும்.

நெருப்பு வைக்கிற நாட்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். சுற்றிலும் பனி கிடக்கும்போது குவித்து வைத்த கிளைகளைக் கொளுத்துவது பாதுகாப்பு, அதனால் பனிக்காலத்தில் அந்த வேலை நிறைய உண்டு. குழுவில் எல்லோருக்கும் பிடித்த வேலையும் அதுதான், சூடாக இருக்கும் என்பதால். ஆனால் தீப்பொறி பறக்கும், கிளையைத் தூக்கிப் போடும்போதெல்லாம் பறக்கும். மேலே போட்டிருக்கிற விலை உயர்ந்த நைலான் ஜாக்கெட்டில் சின்னச் சின்ன ஓட்டைகள் விழுவதை எந்தக் குழுவிலும் பார்க்கலாம். அது பரவாயில்லை, ஜாக்கெட்தானே. உள்ளே பாலியெஸ்டர் தெர்மல், அதாவது செயற்கை இழை உள்சட்டை, போட்டிருந்தால்தான் பிரச்சினை. பாலியெஸ்டர் ஏறத்தாழ 250, 260 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், உருகினால் தோலில் ஒட்டும், ஒட்டினால் எடுக்க முடியாது. கம்பளி பற்றிக்கொள்ளவே 570 டிகிரிக்கு மேல் வேண்டும், உருகாது, பொறி பட்ட இடம் கருகி அங்கேயே நின்றுவிடும். பாலியெஸ்டர் தெர்மல் சீக்கிரம் காய்கிறது, அதிகம் உழைக்கிறது என்று எனக்கும் தெரியும். நெருப்புக்குப் பக்கத்தில் நிற்கிற குழுவுக்கு அந்தச் சாதகங்கள் எதுவும் ஈடாகாது என்பது என் உறுதியான அபிப்பிராயம். சட்டையின் லேபிளில் கலப்பு எவ்வளவு என்று கட்டாயம் பாருங்கள், "கம்பளிக் கலவை" என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டுவிட்டு உள்ளே பாதிக்கு மேல் பாலியெஸ்டர் இருக்கிற சட்டைகளும் விற்பனைக்கு வருகின்றன.

நாற்றம். ஒரே அறையிலோ கூடாரத்திலோ குழுவாகப் பல நாள் தங்கும்போது இது சின்ன விஷயம் இல்லை. மெரினோவை இரவில் உதறிக் காற்றாட மாட்டி வைத்தால் மறுநாளும் அதற்கடுத்த நாளும் போடலாம், பக்கத்தில் படுப்பவர் முகம் சுளிக்க மாட்டார். பாலியெஸ்டர் ஒரே நாளில் காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, குறைகள். பெரிய குறை, கிழியும். நான் போட்ட சட்டைகள் எல்லாம் முதலில் தோளில், பையின் பட்டை உரசுகிற இடத்தில் மெலிந்தன, அப்புறம் முழங்கையில். முள் மாட்டினால் இழுக்காதீர்கள், நின்று எடுத்துவிடுங்கள். 150 கிராம் கனத்தில் வருகிற மெல்லிய சட்டை போடுவதற்கு அருமையாக இருக்கும், இந்த வேலைக்குத் தாங்காது. 250 கிராம் தாங்கும், ஆனால் கிளை இழுக்கும்போது அவிந்துபோவீர்கள், மருந்து தடவுகிற வேலையையே நாள் முழுக்கச் செய்கிறவருக்கு வேண்டுமானால் சரி. அதனால்தான் 200. நடுவில் நைலான் இழை வைத்து மேலே கம்பளி சுற்றிய நூலில் நெய்த சட்டைகள் கொஞ்சம் அதிகம் உழைக்கின்றன, நைலானின் பங்கு சின்னதாக இருந்தால் அதை எடுக்கலாம்.

இரண்டாவது, காய நேரமாகும். முழுசாக நனைந்துவிட்டால், அதாவது வேர்வை இல்லை, மழையோ ஈரப்பனியோ இறங்கி நனைந்துவிட்டால், ஓர் இரவில் காயும் என்று நம்ப முடியாது. அதற்காக அடுப்பு மேலேயோ ஹீட்டர் மேலேயோ போடாதீர்கள். சூடும் கசக்கலும் சேர்ந்தால் கம்பளி இழையின் செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிச் சுருங்கிவிடும், சுருங்கியதைத் திருப்ப வழியில்லை. குளிர்ந்த தண்ணீர், மென்மையான சோப்பு, முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்தி எடுப்பது, படுக்க வைத்து உலர்த்துவது. என்சைம் போட்ட சலவைத் தூள் வேண்டாம், கறையில் இருக்கிற புரதத்தைத் தின்கிற பொருள் கம்பளியையும் தின்னும், கம்பளியும் புரதம்தானே. வேலை இல்லாத மாதங்களில் துவைத்துக் காயவைத்து இறுக்கமான பையில் கட்டி வையுங்கள், அந்துப்பூச்சியின் புழுவுக்கு அழுக்குக் கம்பளி என்றால் விருந்து.

மூன்றாவது, அரிப்பு. சிலருக்குக் கம்பளி என்றாலே உடம்பு அரிக்கும் என்ற பயம். பழைய சொரசொரப்பான கம்பளியில் 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த இழைகள் தோலில் குத்துவதால் வருவது அது. மெரினோ ஆட்டின் மெல்லிய இழை 20 மைக்ரானுக்கும் கீழே இருக்கும், குத்தும்போது வளைந்துவிடும். பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை வராது, தோல் ரொம்ப நுட்பமானவர்கள் வாங்கும் முன் கழுத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

தையலைப் பார்த்து வாங்குங்கள் என்று மேலே சொன்னேன் அல்லவா, பார்க்க வேண்டியது இதுதான். தோள்பட்டைக்கு நேர் மேலே தையல் ஓடக் கூடாது, பைப்பட்டை அதை நாள் முழுக்க அழுத்தும். அக்குளில் தனித் துண்டு வைத்துத் தைத்திருக்க வேண்டும், ரம்பம் இழுக்கக் கை தாராளமாகப் போக வேண்டும். பின்பக்கம் நீளமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் குனிகிற ஒவ்வொரு முறையும் இடுப்பில் காற்று நுழையும், இந்த வேலையில் நீங்கள் பகல் முழுக்கக் குனிந்துகொண்டேதான் இருப்பீர்கள். உடம்பை ஒட்டி இருக்க வேண்டும், இறுக்கக் கூடாது. கைமடிப்பில் கட்டைவிரல் நுழைக்க ஓட்டை வைத்திருப்பார்கள், கையுறையை மாட்டும்போது கை ஏறிப் போகாமல் இருக்கும். செயின்சா பிடிக்கிறவர்கள் தொங்கலான கைமடிப்பு எதையும் போடக் கூடாது, இந்த ஓட்டை அதற்கும் உதவும்.

இந்தச் சட்டை உங்களைக் காப்பாற்றாத இடங்களும் உண்டு, அதையும் தெரிந்துகொண்டே வாங்குங்கள். கை விரலுக்கு இது ஒன்றும் செய்யாது. கையுறை இரண்டு மூன்று ஜோடி வேண்டும், நனைந்த தோல் கையுறை உறைந்து பலகை மாதிரி ஆகிவிடும், காய்ந்த ஜோடி ஒன்று ஜாக்கெட்டுக்கு உள்ளே இருக்கணும். பூட்ஸில் இரண்டு சாக்ஸ் திணித்தால் ரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் இன்னும் சீக்கிரம் விறைக்கும், தடித்த கம்பளி சாக்ஸ் ஒன்றே போதும். மழையை இது தடுக்காது, அதற்கு மேலே வேறு சட்டை. எல்லாவற்றுக்கும் மேலே, எந்தத் துணியும் பக்கத்தில் இருக்கிற ஆளின் கண்ணுக்கு ஈடாகாது. உடம்பின் உள்சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் அபாயம், அது வருகிறவருக்கே தெரியாது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் வார்த்தையைக் குழறுகிறார், கருவியைத் தவறவிடுகிறார், தடுக்குகிறார், காரணமில்லாமல் எரிந்து விழுகிறார் என்றால் வேலையை நிறுத்தி அவரைக் காய்ந்த துணிக்கு மாற்றுங்கள். நடுக்கம் நின்றுவிட்டது, ஆனால் ஆள் மந்தமாக இருக்கிறார் என்றால் அது தேறியதன் அடையாளம் இல்லை, உடனே மருத்துவ உதவி தேட வேண்டிய நேரம்.

புதிது வாங்க வசதி இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். அமெரிக்காவில் 1933 முதல் 1942 வரை நடந்த சிவிலியன் கன்சர்வேஷன் கோர்ப்ஸ் என்ற அரசு வேலைத் திட்டத்தில் ஏறத்தாழ 30 லட்சம் இளைஞர்கள் காட்டு வேலை பார்த்தார்கள், 300 கோடிக்கும் மேல் மரம் நட்டார்கள், அவர்களுக்கு ஆரம்பத்தில் கொடுத்தது முதல் உலகப் போரில் மிஞ்சிய ராணுவ உடுப்புகள்தான், பனிக்காலத்துக்கு அதில் கம்பளி. பழைய துணிக் கடையில் கிடைக்கிற மெல்லிய கம்பளி ஸ்வெட்டரை உடம்பை ஒட்டிப் போட்டாலும் பருத்தியைவிட எவ்வளவோ மேல். கொஞ்சம் அரிக்கலாம், ஆனால் நனைந்தாலும் கைவிடாது.

எத்தனை வாங்குவது என்று கேட்டால், உள்சட்டை இரண்டு. ஒன்று வேலைக்கு, இன்னொன்று பையின் அடியில் தண்ணீர் புகாத உறைக்குள், சாயங்காலம் கருவிகளை எண்ணி ஏற்றி முடித்த உடனே மாற்றிக்கொள்ள. வண்டியில் திரும்பி வருகிற நேரம்தான் பலருக்கும் அதிகம் குளிரும். காலுக்கான மெரினோவைக் கடைசியில் வாங்கினால் போதும். செயின்சாக் காப்புக் காலுடை போடுகிறவர்களுக்கு அந்தக் காப்பே போதுமான சூடு கொடுக்கிறது, கீழே கம்பளியும் இருந்தால் நடக்கும்போது தொடை வேர்த்துவிடும். மருந்து தடவப் போகிறவர்கள் மட்டும் அதையும் முதலிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், முழங்காலுக்கு ஒரு மெத்தைப் பட்டையும் சேர்த்து.